இறுக்கிப் பிடித்தால் ஒழுகும்

காருக்கு அடியில் எண்ணெய் சொட்டினால் நம் ஆட்கள் முதலில் தேடுவது ஸ்பேனரைத்தான். எங்கேயோ போல்ட் லூஸாகியிருக்கும், ரெண்டு இழுப்பு இழுத்தால் நின்றுவிடும் என்று ஒரு நம்பிக்கை. வீட்டுத் தண்ணீர்க் குழாயிலிருந்து தோட்டத்து மோட்டார் வரைக்கும் இதே வைத்தியம்தான். பாதி ஆயுளை பஸ் பணிமனைக் குழிக்குள் கழித்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: தகரத் தட்டும் பேக்கிங்கும் சேருகிற இடத்தில் நான் பார்த்த ஒழுகல்களில் பெரும்பாலானவை லூஸானதால் வந்தவை அல்ல. யாரோ ஒருவர் அக்கறையோடு இறுக்கியதால் வந்தவை.

என் தங்கை மகன் கொடைக்கானலுக்கு ட்ரிப் அடிக்கிறவன். எங்கள் தேவதானப்பட்டிக்குக் கிழக்கே கொஞ்ச தூரத்தில் காட்ரோடு. அங்கேதான் மலைப்பாதை பிரிகிறது. 1870களில் திட்டம் போட்டு, இழுத்துக்கொண்டே போய், 1916ல்தான் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட பாதை அது. அதற்கு முன்னால் கொடைக்கானல் போக வேண்டுமென்றால் பெரியகுளம் பக்கத்திலிருந்து நடந்தோ, குதிரையிலோ, டோலியிலோதான் ஏற வேண்டும். இப்போது டம்டம் பாறையில் வண்டியை நிறுத்தி, 975 அடி உயரத் தலையாறு அருவியைச் செல்போனில் பிடித்துக்கொண்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு 7,000 அடி உயரத்தில் இருக்கிறோம். ஏற ஏற நமக்குக் குளிரும். கியர் பாக்ஸுக்கு ஏற ஏறச் சூடுதான்.

அவன் வைத்திருப்பது செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஆட்டோமேட்டிக் வண்டி. ஒருநாள் காலையில் வந்து நின்றான்.

“மாமா, ராத்திரி நிறுத்துன எடத்துல செவப்பா சொட்டிக் கெடக்கு.”

“செவப்புன்னா? தண்ணி மாதிரியா, எண்ணெய் மாதிரியா?”

“எண்ணெய்தான். கையில வழுக்குது. நானே கீழ படுத்து ரெண்டு போல்ட்டை டைட் பண்ணேன். அதுக்கப்பறம் சாஸ்தியாயிருச்சு மாமா.”

வியாதியும் வைத்தியமும் ஒரே வாக்கியத்தில் வந்துவிட்டது.

ஒழுகலைப் பார்க்கிறவர்கள் முதலில் நிறத்தைப் பார்க்க வேண்டும். வண்டிக்கு அடியில் ஒரு பழைய அட்டைப் பெட்டியைப் பிரித்துப் போட்டு ராத்திரி முழுக்க விட்டால் காலையில் அட்டையே சொல்லிவிடும். நிறமில்லாத தண்ணீர் என்றால் ஏ.சி.யிலிருந்து வருவது, கவலை வேண்டாம். பச்சையோ ரோஸோ, தொட்டால் பிசுபிசுத்தால் ரேடியேட்டர் கூலன்ட். கறுப்பும் பழுப்புமாக இருந்தால் இன்ஜின் ஆயில். சிவப்பு எண்ணெய் என்றால் பவர் ஸ்டியரிங் அல்லது ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ். அட்டையில் சொட்டு விழுந்த இடத்தையும் வண்டி நின்ற நிலையையும் பொருத்திப் பார்த்தால் இரண்டில் எது என்பதும் தெரிந்துவிடும்.

இந்தச் சிவப்பு எண்ணெய்க்குப் பெரிய சரித்திரம் உண்டு. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 1939ல் ‘ஹைட்ராமேட்டிக்’ என்ற கியர் பாக்ஸை 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களுக்காகக் கொண்டுவந்தது. பெருவாரியாக விற்ற முதல் ஆட்டோமேட்டிக் அதுதான். அதற்கென்று செய்த எண்ணெயில் வெகுகாலம் திமிங்கிலத்தின் தலையிலிருந்து எடுத்த நெய்யைச் சேர்த்தார்கள். உள்ளே இருக்கிற கிளட்ச் தட்டுகள் உதறாமல் வழுக்கிப் பிடிக்க அது தோதாக இருந்தது. 1970களின் தொடக்கத்தில் அந்த நாட்டில் திமிங்கிலப் பொருள்களுக்குத் தடை வந்த பிறகுதான் மாற்று மருந்துகளைக் கண்டுபிடித்தார்கள். ஒரு கார் உதறாமல் கியர் மாற வேண்டும் என்பதற்காகக் கடலில் ஒரு பெரிய உயிர் செத்திருக்கிறது. மனுசனுக்குச் சொகுசு என்று வந்துவிட்டால் எதுவரைக்கும் போவான் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

அந்த எண்ணெய் வெறும் வழவழப்புக்காக மட்டும் இல்லை. இன்ஜின் சக்தியைக் கியர் பாக்ஸுக்குக் கடத்துவதும் அதுதான். அழுத்தத்தால் கிளட்ச்சுகளைப் பிடிக்க வைப்பதும் விட வைப்பதும் அதுதான், சூட்டைச் சுமந்து வெளியேற்றுவதும் அதுதான். கொண்டை ஊசி வளைவில் மெதுவாகத் திணறி ஏறும்போது உள்ளே எண்ணெய் கடைபடுகிறது, கொதிக்கிறது. கீழே இறங்கும்போதும் ‘டி’யிலேயே போட்டுவிட்டு பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பிரேக்கைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம்.

கை வைக்கும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். கிளட்ச் பெடல் இல்லாத வண்டி எல்லாம் ஒரே ஜாதி இல்லை. 2014ல் மாருதி செலேரியோ வந்ததிலிருந்து நம் ஊரில் பெருகிய ஏ.எம்.டி. வண்டிகள் உண்மையில் சாதாரண கியர் பாக்ஸ்தான். நம் காலுக்கும் கைக்கும் பதிலாக ஒரு எந்திரக் கை கிளட்ச்சை அமுக்கி கியரைத் தள்ளுகிறது. அதன் அடியில் போல்ட் போட்ட தட்டும் ஃபில்டரும் தேடினால் கிடைக்காது. சி.வி.டி. என்ற வகைக்கு எண்ணெயே வேறு, மாற்றி ஊற்றினால் கியர் பாக்ஸ் கதை முடிந்தது. வண்டிப் புத்தகத்தில் எந்த எண்ணெய் என்று போட்டிருக்கிறதோ அதுதான். “எல்லாம் செவப்புத்தானே” என்று கடைக்காரர் சொல்வதைக் கேட்கக் கூடாது.

“இது லைஃப்டைம் ஆயில், மாத்தவே வேண்டாம்னு வித்தவரு சொன்னாரே மாமா” என்றான் மருமகன். யாருடைய லைஃப் என்று அவர் சொல்லியிருக்க மாட்டார். பல கார் கம்பெனிகள் அப்படித்தான் எழுதுகின்றன. ஆனால் உலகத்தில் பல உயர்ரகக் கார்களுக்கு கியர் பாக்ஸ் செய்துகொடுக்கிறதாகப் பேர் வாங்கிய ஜெர்மனியின் இசட்.எஃப். கம்பெனி, தன் ஆட்டோமேட்டிக்குகளுக்கு 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் எண்ணெய் மாற்றச் சொல்கிறது. மலையேறுகிற வண்டி என்றால் இன்னும் சீக்கிரம். எங்கள் ஊர் மூங்கிலணை காமாட்சியம்மன் கோயிலில் கருவறைக் கதவைத் திறப்பதே இல்லை. அடைத்த கதவுக்குத்தான் பூஜை, தீபாராதனை எல்லாம். மஞ்சளாற்றங்கரையில் தலைமுறை தலைமுறையாக அந்தக் கதவைக் கும்பிட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். ஆனால் அது அம்மனுக்கு. கியர் பாக்ஸை அப்படிக் கும்பிட முடியாது. மனுசன் செய்து மூடியதை மனுசன் திறந்து பார்க்கத்தான் வேண்டும்.

திறந்து பார்க்கிற துணிச்சலுக்கு நம் பக்கத்திலேயே ஆள் இருந்தார். கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு, 1893ல் பிறந்தவர், பள்ளிப் படிப்பு பாதியில் நின்றவர். ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்த்துச் சொக்கிப்போய், ஓட்டலில் சர்வர் வேலை பார்த்துக் காசு சேர்த்து அதையே விலைக்கு வாங்கினார். வாங்கியவர் ஊர் சுற்றவில்லை. அக்கக்காகப் பிரித்துப் பார்த்து, திரும்பப் பூட்டினார். 1920ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவில் ஒற்றை பஸ்ஸைத் தானே ஓட்டித் தொழிலைத் தொடங்கியவருக்கு அந்தப் பிரித்துப் பூட்டிய அனுபவம்தான் மூலதனம். பிரிப்பதை எல்லோரும் செய்வார்கள். பூட்டும்போது மிச்சமாக ஒரு போல்ட் கையில் நிற்காமல் இருக்க வேண்டும், அதுதான் படிப்பு.

கியர் பாக்ஸின் அடித்தட்டைக் கழற்றி, எண்ணெயையும் பேக்கிங்கையும் மாற்றுகிற வேலைக்கு வருகிறேன்.

முதல் பேச்சு உயிரைப் பற்றி. ஜாக்கி என்பது வண்டியைத் தூக்குவதற்கு, தாங்குவதற்கு இல்லை. தூக்கியதும் நாலு பக்கமும் இரும்பு ஸ்டாண்டு கொடுத்து, தோளால் முட்டிப் பார்த்து, ஆடவில்லை என்று தெரிந்த பிறகே தலையை உள்ளே கொடுக்க வேண்டும். செங்கல், ஹாலோ பிளாக் எல்லாம் சுவர் கட்டுவதற்கு. அவை வெடிக்கும்போது சொல்லிவிட்டு வெடிக்காது. வண்டி மட்டமாக நிற்க வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு: சாய்ந்து நின்றால் பிறகு எண்ணெய் அளவு தப்பாகக் காட்டும். ஸ்டாண்டு இல்லையென்றால் அன்றைக்கு வேலை இல்லை. மருமகன் முகத்தைச் சுளித்தான், போய் வாடகைக்கு வாங்கிக்கொண்டு வந்தான்.

இரண்டாவது, வடிக்கிற நட்டைத் தொடும் முன் ஊற்றுகிற நட்டைத் திறக்க வேண்டும். சில வண்டிகளில் டிப் ஸ்டிக் குழாய் வழியாக ஊற்றலாம், சிலவற்றில் பக்கவாட்டில் ஒரு பிளக். அது துருப்பிடித்து வர மறுத்தால், உள்ளே இருப்பதை வடித்துவிட்டு ஊற்ற வழியில்லாமல் திகைத்து நிற்க வேண்டியதுதான். செலவு வரும் வழியை மட்டும் பார்த்துவிட்டு வரவு வரும் வழியைப் பார்க்காமல் கல்யாண மண்டபத்துக்கு முன்பணம் கொடுக்கிற தகப்பன்மார்கள் எங்கள் பக்கத்தில் நிறையப் பேர். அவர்களிடம் இந்தப் பிளக்கைப் பற்றிப் பேசிப் பார்த்திருக்கிறேன். சிரித்துக்கொள்வார்கள்.

எண்ணெய் கொதிக்கக் கொதிக்கத் திறக்காமல் கை பொறுக்கும் சூட்டில் திறக்க வேண்டும். தட்டில் வடிகால் நட்டு இருந்தால் பாதி வேலை குறைவு. இல்லாவிட்டால் எல்லா போல்ட்டையும் உருவிவிடக் கூடாது. ஒரு பக்கம் ரெண்டு மூன்றை அரைகுறையாக விட்டுவிட்டு மற்றதைக் கழற்றினால் தட்டு ஒரு மூலையில் மெல்லச் சாயும், எண்ணெய் அந்த வழியாக நம் பாத்திரத்தில் இறங்கும். அவசரப்பட்டால் முகத்தில் இறங்கும். இப்படி வடிப்பதில் பாதி எண்ணெய்தான் வரும், மிச்சம், இன்ஜின் சக்தியைக் கடத்துகிற டார்க் கன்வெர்ட்டருக்குள்ளேயே இருக்கும். அதனால் வடிந்ததை ஒரு பாட்டிலில் அளந்து வைத்துக்கொள்ள வேண்டும். எவ்வளவு வெளியே வந்ததோ, முதலில் அவ்வளவுதான் உள்ளே போக வேண்டும்.

தட்டைக் கையில் வாங்கியதும் மருமகன் டீசல் டப்பாவை எடுத்தான், கழுவ. “இரு மாப்ள” என்றேன். தட்டுக்குள் மூலைக்கு ஒன்றாகச் சின்னச் சின்ன காந்தங்கள் இருக்கும். இரும்புத் தூளைப் பிடித்து வைப்பதற்காகக் கம்பெனிக்காரன் வைத்தவை. அதில் படிந்திருப்பதை விரலால் வழித்துத் தேய்த்துப் பார்க்க வேண்டும். சாம்பல் நிறத்தில், கண் மை போல மழமழவென்று இருந்தால் அது வயசின் தேய்மானம். எல்லாக் கியர் பாக்ஸிலும் இருக்கும். விரலில் குத்துகிற சில்லு, கண்ணுக்குத் தெரிகிற துண்டு என்றால் உள்ளே ஏதோ உடைந்திருக்கிறது. எண்ணெயை முகர்ந்தும் பார்க்க வேண்டும். கருகிய நாற்றமும் அடியில் கறுப்புத் துகளும் சேர்ந்தால் கிளட்ச் தட்டு எரிந்திருக்கிறது. அப்போது புதுப் பேக்கிங் போட்டு மூடுவது பிரயோசனம் இல்லாத வேலை. விவரம் தெரிந்த ஒர்க்‌ஷாப்புக்குத்தான் போக வேண்டும். கழுவிவிட்டால் இதெல்லாம் தெரியாமல் போய்விடும். மகனோ மகளோ ஒரு சங்கடத்தைச் சொல்ல வாயெடுக்கும்போதே “சரி விடு, எல்லாம் சரியாப் போயிரும்” என்று துடைத்துவிடுகிற பெரியவர்களைப் பார்த்தால் எனக்கு அந்த டீசல் டப்பாதான் ஞாபகம் வரும். ஆறுதல் சொல்கிறோம் என்று நினைப்பார்கள். எதனால் வந்தது என்று பார்த்திருக்கவே மாட்டார்கள்.

அவன் வண்டியில் மை மட்டும்தான் இருந்தது. ஆனால் தட்டின் அடியில் கல் பட்டு உள்வாங்கிய பள்ளம். தட்டு மேல்நோக்கி நசுங்கினால் ஃபில்டரின் உறிஞ்சும் வாயில் போய் முட்டும், எண்ணெய் இழுக்க முடியாமல் கியர் திணறும். ஆகவே தட்டே புதிது. பழைய தட்டின் விளிம்பில் அவன் இறுக்கிய ரெண்டு ஓட்டையையும் சுற்றித் தகரம் குழிந்திருந்தது. ஒரு எஃகு ஸ்கேலை விளிம்பின் மேல் நிறுத்தி வெளிச்சத்துக்குக் காட்டினேன். ஓட்டைகளில் ஸ்கேல் படவில்லை. ரெண்டு ஓட்டைக்கும் நடுவில் விளிம்பு வில்லாக எழும்பி நின்றது.

“பாத்தியா? போல்ட்டு கிட்ட ஒழுகல. ரெண்டு போல்ட்டுக்கு நடுவுல இருக்கு பாரு, அங்கதான் ஒழுகுது.”

நான் இந்தக் கட்டுரை எழுத உட்கார்ந்ததே இதைச் சொல்லத்தான். அழுத்தம் கொடுத்த இடத்தில் கோளாறு தெரியாது. அங்கே எல்லாம் கச்சிதமாக, அடக்கமாக இருக்கும். பக்கத்தில்தான் பிளக்கும். இதே மருமகன் வீட்டில் மூத்தவன் பிளஸ் டூ. விடியற்காலை டியூஷன், சாயங்காலம் டியூஷன், செல்போன் பீரோவுக்குள். பையன் வாய் திறப்பதில்லை, மார்க்கும் வருகிறது. பேசாமல் போனது சின்னவள். அண்ணன் பரீட்சைக்காக டிவி இல்லை, விளையாட்டு இல்லை, ஊருக்குப் போவதில்லை என்று ஆன வீட்டில் எட்டாம் வகுப்புப் பிள்ளை சோற்றை அளைந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறது. அவளுக்கு என்ன குறை என்று வைத்தியரிடம் அழைத்துப் போகிறார்கள். குறை அவளிடம் இல்லை என்று காருக்கு அடியில் படுத்தபடி சொன்னேன். நேருக்கு நேர் உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் அவனுக்குக் கோபம் வந்திருக்கும். மல்லாந்து படுத்து ரெண்டு பேரும் ஒரே தகரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது சில பேச்சு சுலபமாக வரும்.

சொத்துப் பாகப்பிரிவினையிலும் இதையே பார்த்திருக்கிறேன். தென்னந்தோப்பை அளந்து, கிணற்றுத் தண்ணீருக்கு முறை வைத்து, ஒரு தம்பியிடம் மட்டும் கையெழுத்துக்கு மேல் கையெழுத்தாக வாங்கி இறுக்கி வைத்திருப்பார்கள். அவன் சண்டைக்கே வர மாட்டான். பத்து வருசம் கழித்து வாய்க்கால் பக்கம் இருக்கிற இன்னொரு தம்பிதான் கோர்ட்டுக்குப் போவான்.

பேக்கிங்குக்கு வருவோம். எங்கள் காலத்தில் கடையில் அளவுக்குத் தகுந்த பேக்கிங் கிடைக்காது. பேக்கிங் ஷீட்டை இரும்பு விளிம்பின் மேல் விரித்து, உருண்டை மூக்குச் சுத்தியலால் ஓரமாகத் தட்டிக்கொண்டே போவோம். விளிம்பே கத்தியாக நின்று ஷீட்டை வெட்டிக் கொடுக்கும். போல்ட் ஓட்டைகளுக்குப் பழைய பேரிங்கின் குண்டு ஒன்றை வைத்து ஒரு தட்டு. பஸ்ஸே ஓடியது அதில். இப்போது அச்சுப் பிசகாமல் ரப்பர் பேக்கிங் வருகிறது. நல்ல ரகத்தில் போல்ட் ஓட்டைக்குள் சின்ன உலோக வளையம் இருக்கும், ஓர் அளவுக்கு மேல் நசுங்க விடாது. அதற்கும் மேலே அனபாண்ட் பசையைப் பிதுக்கித் தடவுவது நம் ஊர்ப் பழக்கம். ரப்பர் பேக்கிங்குக்கு அது வேண்டாம், வழுக்கி வெளியே பிதுங்கிவிடும். உள்ளே பிதுங்கிய பிசினோ துண்டு துண்டாக அறுந்து எண்ணெய் வழியை அடைக்கும். பேக்கிங்கே இல்லாமல் பசை மட்டும் போடச் சொல்கிற வண்டிகளும் உண்டு, அது வேறு கணக்கு.

பழைய பேக்கிங்கைச் சுரண்டும்போது ஸ்க்ரூ டிரைவரால் கீறக் கூடாது. மேலே இருப்பது அலுமினியம், ஒரு கீறல் விழுந்தால் அதன் வழியாகவே கசியும். பிளாஸ்டிக் சுரண்டியால் மெதுவாக எடுத்து, நூல் உதிராத துணியால் துடைக்க வேண்டும். உள்ளே ஒரு நூல் போனாலும் வால்வில் சிக்கும். பெரிய வேலையில் முக்கால்வாசி இந்தத் துடைப்புதான். பார்க்கிறவர்களுக்கு வேலையே நடக்காத மாதிரி இருக்கும்.

பிறகு போல்ட்டுகள். பத்தாம் நம்பர் ஸ்பேனர் பிடிக்கிற சின்ன போல்ட். எல்லாவற்றையும் முதலில் கையாலேயே மரையில் ஏற்ற வேண்டும், கையால் ஏற மறுப்பதை ஸ்பேனர் போட்டு ஏற்றினால் அலுமினிய மரை அறுந்துவிடும். அடுத்து நடுவிலிருந்து தொடங்கி எதிரும் புதிருமாக, ஓரம் நோக்கி, ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சம். எந்த போல்ட்டுக்கும் ஒரே மூச்சில் முழுப் பங்கும் கிடையாது. பெரும்பாலான வண்டிகளுக்குச் சொல்லப்பட்ட அளவு 8 முதல் 12 நியூட்டன் மீட்டர். ஒரு அடி நீளக் கைப்பிடியின் நுனியில் மூன்று கிலோ எடையைத் தொங்கவிட்ட இழுப்புதான் ஏறக்குறைய அதன் கீழ் அளவு. சக்கர நட்டுக்கு இதைப்போலப் பத்து மடங்கு. சக்கரம் கழற்றிப் பழகிய கை இந்த போல்ட்டிலும் அதே பலத்தைக் காட்டும், அதனால்தான் டார்க் ரெஞ்ச் வேண்டும். ‘டிக்’ என்று சத்தம் வந்ததும் கையை எடுத்துவிட வேண்டும்.

“இவ்வளவுதானா மாமா? லூஸா இருக்கிற மாதிரி இருக்கே?”

அப்படித்தான் இருக்கும். போதுமான அளவு என்பது பழகாத கைக்கு எப்போதும் குறைவாகத்தான் தெரியும்.

எண்ணெய் ஊற்றுவதில் நீட்டி முழக்க ஒன்றுமில்லை. அளந்து வைத்த அளவை ஊற்றி, ஸ்டார்ட் செய்து, பிரேக்கை மிதித்தபடி எல்லாக் கியருக்கும் ஒருமுறை போய் வந்து, சூடேறிய பிறகு அளவு பார்க்க வேண்டும். டிப் ஸ்டிக் இல்லாத வண்டிகளில் எண்ணெய் குறிப்பிட்ட சூட்டில் இருக்கும்போது மட்ட பிளக்கைத் திறந்தால் மெல்லிய நூலாக வழிய வேண்டும். எந்தச் சூடு என்பது வண்டிக்கு வண்டி மாறும், புத்தகத்தில் இருக்கும். குறைந்தாலும் கெடுதல், கூடினாலும் கெடுதல். கூடினால் சுழலும் பாகங்கள் அடித்து நுரையாக்கிவிடும், நுரைக்கு அழுத்தம் கிடையாது. மறுநாள் மருமகன் டம்டம் பாறை வரை ஏற்றி இறக்கிக்கொண்டு வந்தான். அட்டையை விரித்து வைத்தோம்.

பழைய எண்ணெய்தான் பாக்கி. பக்கத்துத் தோட்டக்காரர் வந்து வேலிக்கால்களுக்குப் பூசக் கேட்டார், கரையான் அண்டாதாம். தகப்பன் காலத்திலிருந்து எல்லோரும் செய்வதுதான். இருந்தும் கொடுக்கவில்லை. மழை பெய்தால் வேலியிலிருந்து மண்ணுக்கு, மண்ணிலிருந்து கிணற்றுக்கு. வாய்க்காலில் விழுந்தால் மஞ்சளாறு, அப்புறம் வைகை. பயன்படுத்திய எண்ணெயை அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சிக்காரர்களிடம்தான் சேர்க்க வேண்டும் என்று 2016ஆம் வருச அபாயக் கழிவு விதிகளிலும் இருக்கிறது. அவர் கோபித்துக்கொண்டு போனார். எண்ணெய் முழுவதையும் புது எண்ணெய் வந்த டப்பாவிலேயே ஊற்றி, ‘பழசு’ என்று எழுதி ஒட்டி, அடுத்த மதுரை ட்ரிப்பில் பெரிய ஒர்க்‌ஷாப் எதிலாவது அவர்கள் பீப்பாயில் சேர்த்துவிட்டு வரச் சொல்லி மருமகனிடம் கொடுத்திருக்கிறேன். பாதை நெடுக டப்பா டிக்கியில் உருளாமல் இருக்க, சும்மா கிடந்த பழைய தட்டையே அதற்கு அண்டக் கொடுத்தான்.